படுத்துக்கொண்டே திருவாதவூர்

போலாம்ரைட் அண்ணன் மட்டும் இல்லையென்றால் பழங்காநத்தத்தில் பாதிப் பேர் இன்றைக்கு ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இதைச் சொல்வது நான் இல்லை, போலாம்ரைட் அண்ணனே சொன்னது. மீதிப் பாதிப் பேரைப் பற்றிக் கேட்டால், "அவுக இன்னும் நம்ம வண்டியில ஏறல. ஏறுனாத் தெரியும்" என்பார்.

அவருடைய வண்டிக்குச் சக்கரம் கிடையாது. ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில், பின்னறையில், தரையோடு தரையாகக் கிடக்கும் நீளமான தடித்த துணிப் பை அது. பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன ஜன்னல், உள்ளே ஒரு மெத்தை, ஒரு தலையணை. ஆள் உள்ளே போய்ப் படுத்ததும் ஜிப்பை இழுத்து மூடிக் காற்றை ஏற்றுவார்கள். பை விறைத்துக்கொள்ளும். முகமூடி வழியாக ஆக்ஸிஜன் வரும். வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான காற்றழுத்தத்தில் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். போர்டில் 'மைல்டு ஹைப்பர்பேரிக் ஆக்ஸிஜன் தெரபி' என்று போட்டிருந்தது. அண்ணன் அதை டிரிப் என்பார்.

ஓய்வு பெற்ற டவுன் பஸ் கண்டக்டர் அவர். டாக்டரம்மா அவரை வேலைக்கு எடுத்தது வருகிறவர்களை வரிசையாக உட்கார வைக்கவும், ஜிப்பை இழுக்கவும்தான். மற்றதெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டது. அவருடைய நிஜப் பெயர் டாக்டரம்மாவுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்டபோது அவரும் யோசித்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொல்லாத காய்ச்சல் வந்து, போகும்போது என் தெம்பையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு பத்தி எழுதினால் இரண்டாவது பத்தி எதைப் பற்றி என்று மறந்துவிடும். படி ஏற முடியாவிட்டால் லிஃப்டில் போகலாமே என்பீர்கள். நான் லிஃப்டில் ஏறாத ஜாதி. மூடின கதவைக் கண்டால் எனக்கு ஆகாது. ஸ்கேன் எடுக்கச் சொன்ன டாக்டரிடம், ஜன்னல் வைத்த ஸ்கேன் மெஷின் மதுரையில் எங்கே இருக்கிறது என்று கேட்டவன். ஆகவே தரைத்தளத்தில் குடியிருக்கும் நண்பர்களோடு மட்டும் நட்பைத் தொடர்ந்துகொண்டிருந்தேன்.

"இது மந்திரம் இல்ல சார்" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "சிலர் தெம்பா இருக்குங்கிறாங்க, சிலருக்குத் தூக்கம் நல்லா வருது, சிலருக்கு ஒண்ணுமே தெரியல. உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொல்ல முடியாது. பழைய மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க." இப்படி நேராகப் பேசுகிற டாக்டரை நம்பாமல் யாரை நம்புவது?

பின்னறை வாசலில் போலாம்ரைட் அண்ணன் என்னை மறித்தார். கழுத்தில் கயிறு கோத்த விசில். தோளில் கண்டக்டர் பை, அதற்குள் டிக்கெட்டுக்குப் பதிலாகப் பஞ்சு. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் நின்றுகொண்டுதான் இருந்தார். இடது பாதத்தில் துணி சுற்றி, அதற்குத் தோதாகச் செருப்பின் வாரை வெட்டிவிட்டிருந்தார்.

"லக்கேஜ் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"பேனா, சாவி, தீப்பெட்டி, செல்லு?"

எல்லாமே இருந்தன. வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். பிறகு என் தலைக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தார்.

"எண்ணெ இல்ல, நல்லது. ஆக்ஸிஜன் இருக்குற எடத்துல எண்ணெ, சென்ட்டு, நெருப்பு எதுவும் ஆகாது. நேத்து ஒரு அம்மா தலையில தேங்கா எண்ணெய ஊத்திக்கிட்டு வந்துச்சு. எறக்கி விட்டுட்டேன். சளி இருக்கா?"

"இல்லண்ணே."

"மூக்கு அடைச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. மூக்கு அடைச்சா காது தெறக்காது. காது தெறக்காட்டி நான் வண்டிய எடுக்க மாட்டேன். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டீகளா? நடுவுல எறங்க முடியாது."

இதையெல்லாம் அவர் காதோடு காதாகக் கேட்கவில்லை. பஸ்சின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில் கேட்டார். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய திருப்திக்காக இன்னொரு தடவை போய்விட்டு வந்தேன்.

உள்ளே படுத்தேன். ஜிப் காலில் தொடங்கி இடுப்பு வரைக்கும் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார்?"

"நான் அடுத்த வண்டியில வாரேன்ணே."

"இதான் கடைசி வண்டி" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிறகு தரையில் சிரமப்பட்டுக் குந்தி, ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். "சார், உள்ள எதையும் பாக்காதீங்க. என் மூஞ்சிய மட்டும் பாருங்க. நான் ஊர் சொல்லிக்கிட்டே வாரேன். பெரியார் பஸ் ஸ்டாண்டுல எடுத்துத் திருவாதவூர் வரைக்கும். என்னைய நம்பி ஏறுனவுக யாரும் பாதி வழியில நின்னது இல்ல."

ஜிப் மூடியது. அண்ணன் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

"போலாம், ரைட்."

காற்று உஸ்ஸென்று ஏற ஆரம்பித்தது. ஜிப்பைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்கு அண்ணன் நேரம் கொடுக்கவில்லை.

"பெரியார் எடுத்தாச்சு. சிம்மக்கல் வருது, சிம்மக்கல். இங்கன காது லேசா அடைக்கும். எச்சி முழுங்குங்க. கொட்டாவி விடுங்க, யாரும் பாக்கல. கோரிப்பாளையம். சிக்னல்ல நிக்கிறோம். காது வலிச்சாக் கையக் காட்டுங்க, காத்த நிறுத்திட்டு மெதுவா எடுப்போம். வலி இல்லையா? ரைட். மாட்டுத்தாவணி. கூட்டம் ஏறுது, கொஞ்சம் புழுக்கமாத்தான் இருக்கும். உத்தங்குடி. ஒத்தக்கடை. திருவாதவூர். வண்டி இங்க ஒரு மணி நேரம் நிக்கும். தூங்குறவுக தூங்கலாம்."

நான் தூங்கினேன். காய்ச்சலுக்குப் பிறகு பகலில் கண்ணசந்தது அன்றைக்குத்தான். திரும்புகிற டிரிப்பில் காற்று இறங்க இறங்கக் காதுக்குள் பொட்டுப் பொட்டென்று திறந்தது, உடம்பு சில்லிட்டது. "ஆத்துப் பாலம் தாண்டுறோம், அதான் குளுருது" என்றார் அண்ணன். அடுத்த ஸ்டாப் என்ன என்று காத்திருந்ததில் பயப்பட மறந்துபோயிருந்தேன்.

அவரிடம் சட்டம் என்றால் சட்டம்தான். எல்லா ஸ்டாப்பிலும் வண்டி நிற்கும். அவசரமாகப் போக வேண்டும், காற்றைச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "எக்ஸ்பிரஸ் வேணும்னா ஆரப்பாளையம் ஸ்டாண்டுக்குப் போங்க. இது டவுன் பஸ்" என்று சொல்லிவிட்டார். வண்டியூரிலிருந்து வரும் ஒரு அம்மா, தனக்குத் திருவாதவூர் வேண்டாம், தெப்பக்குளத்தோடு நிறுத்திக்கொண்டால் வீட்டுக்குப் போக வசதி என்று சொன்னபோது, "இம்புட்டுத் தூரம் போனாத்தாம்மா பிரஷர் முழுசாகும்" என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். அந்த அறையில் ஒரு வாரம் இருந்தால் யாருக்கும் அதெல்லாம் நியாயமாகத்தான் படும்.

டாக்டரம்மா மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

அண்ணனுக்குச் சர்க்கரை. செருப்பு வார் கடித்த இடம் புண்ணாகி, கட்டுப் போட்டும் ஆறாமல் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் புண்ணுக்கென்றே இரும்பால் செய்த அழுத்த அறை இருந்தது. கட்டுப் போடுவது, சர்க்கரையைக் குறைப்பது, அதோடு அந்த அறை என்று மூன்றையும் சேர்த்துச் செய்தால் விரல் பிழைக்க வழி உண்டு என்று அங்கே இருந்த சர்ஜன் சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் விரலோடு நிற்காது.

"நம்ம வண்டியிலயே ஒரு நாள் படுத்தாப் போதாதாம்மா?" என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார்.

"இந்தப் பையில வர்ற பிரஷர் உங்க புண்ணுக்குப் பத்தாதுண்ணே. எத்தனை தடவ சொல்றது?"

"சரிம்மா, நாளைக்குப் போறேன்" என்பார். நாளைக்கு மழை வரும், மறுநாள் அமாவாசையாக இருக்கும், அதற்கடுத்த நாள் டிரிப் அதிகமாக இருக்கும்.

இதற்கு நடுவில்தான் ஜவுளிக்கடைக்காரர் சம்பவம். பெரிய உடம்பு, பெரிய குரல். அன்றைக்குப் பைக்குள் காற்று ஏறும்போது கோரிப்பாளையம் பக்கத்தில் அவருக்குக் காது வலித்திருக்கிறது. கையைக் காட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, உள்ளிருந்து டப் டப் என்று இரண்டு தட்டு தட்டினார். பஸ்சில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் எடு. வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டத்தில் வாழ்ந்த போலாம்ரைட் அண்ணன், "ஆளு தெம்பா இருக்காரு, போகச் சொல்றாரு" என்று மெச்சிக்கொண்டு ரைட் கொடுத்தார். வலி கூடியது. அவர் மறுபடி டப் டப். இவர் மறுபடி ரைட். அவர் விடாமல் தட்ட ஆரம்பித்ததும் அண்ணனே குழம்பிப்போய், "என்னங்க இது, கல்யாண வண்டியா?" என்றார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்து காற்றை இறக்கினார். வெளியே வந்த ஜவுளிக்கடைக்காரருக்குக் காதைவிட மானம்தான் அதிகம் வலித்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் நோயாளிகள் முன்னால் கத்த மாட்டார். தன் அம்மாவுக்கு போன் போட்டு, சௌராஷ்டிரா பாஷையில் கொட்டித் தீர்ப்பார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்பதால் அது ஒரு நாகரிகமான ஏற்பாடு. அன்றைக்கும் கொட்டினார். ஜவுளிக்கடைக்காரரின் முகம் சிவந்து, வெளிறி, கடைசியில் சிரிப்பில் போய் முடிந்தது. அவருக்கும் அதுதான் வீட்டு பாஷை. உள்ளே காற்றை இறக்குவதற்கு வால்வு ஒன்று இருக்கிறது, கண் முன்னால் இருப்பதைத் திருகாமல் மத்தளம் வாசித்திருக்கிறார் மனுஷர் என்று அவரையும் சேர்த்துத்தான் அதில் திட்டியிருக்கிறார் டாக்டரம்மா.

மறுநாள் பைக்குள் ஒரு அழைப்பு மணி வைத்தார்கள். எத்தனை தடவை அமுக்கினாலும் நிறுத்தத்தான் வேண்டும் என்று உத்தரவு. "ரூலே மாறிப்போச்சு சார்" என்று அண்ணன் இரண்டு நாள் துக்கம் காத்தார்.

ஒரு சாயங்காலம் ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது அவரும் வாசலில் வந்து நின்றார். காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்திருந்தார்.

"ஏண்ணே ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிறீங்க? ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு என்ன பயம்." வாசலில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரூம்பு பூராவும் இரும்பாம் சார். கதவச் சாத்தி, வெளியில இருந்து பூட்டுவாய்ங்களாம்."

"நீங்க எத்தனை பேரைத் தைரியம் சொல்லி உள்ள அனுப்பியிருக்கீங்க."

"நான் வெளியிலதானே சார் நிக்கிறேன். சர்வீஸ்ல அம்புட்டு வருசமும் படிக்கட்டுலதான் நின்னேன். காத்து மூஞ்சியில அடிக்கணும் எனக்கு. தானாச் சாத்துற கதவு வச்சு பஸ் வந்துச்சுல்ல, அன்னைக்கே டிப்போவுல போயிப் பழைய வண்டியே குடுங்கன்னு கெஞ்சுனேன். ஏன்னு கேட்டாய்ங்க. கதவுச் சத்தம் பயணிகளுக்குத் தொந்தரவா இருக்குன்னு சொன்னேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஜன்னல் வைத்த ஸ்கேன் மெஷின் கேட்டவனுக்குச் சிரிக்கிற தகுதி கிடையாது. என்னைத் தினம் தினம் ஜிப்புக்குள் அனுப்பி வைத்தவர் என்னைவிடப் பயந்தவர் என்பது தெரிந்ததும், அந்த மனிதர் மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணனுடைய காலுக்கு இந்தப் பை உதவாது, சரி. ஆனால் மூடின இடத்தில் படுத்துப் பழக உதவுமே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பழகுறதுக்குன்னா படுக்கட்டும். ஆனா அங்க போறதை இதுக்காகத் தள்ளிப்போடக் கூடாது" என்று நாள் குறித்தார். காற்றை அவரே கவனித்துக்கொள்வதாகவும், ஊர் சொல்கிற வேலை என்னுடையது என்றும் ஏற்பாடு.

வாசலில் நான் மறித்தேன். "லக்கேஜ் என்ன இருக்கு?"

அண்ணன் முறைத்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பு, பேனா, பாதி கடித்த நெல்லிக்காய் எல்லாம் வந்தன. தலையை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நெற்றி வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"நான் பயணி இல்லையே சார். ஸ்டாஃபுதானே" என்றார். எறக்கி விட்டேன். அன்றைக்குத் தப்பித்த மகிழ்ச்சியில் நொண்டிக்கொண்டே வேகமாகப் போனார். மறுநாள் சீயக்காய் போட்டுக் குளித்து, முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு வந்து சேர்ந்தார். விசிலை வெந்நீரில் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தார்.

டாக்டரம்மா ஜிப்பை மூடினார். நான் குந்தி உட்கார்ந்து, ஜன்னலில் முகத்தை வைத்தேன். "என் மூஞ்சியப் பாருங்கண்ணே." விசிலை ஊதினேன். பாதிக் காற்றுதான் வந்தது. அந்த நிலையிலும் உள்ளிருந்து, "குக்கரு கூட இதவிட நல்லா ஊதும்" என்று குரல் கேட்டது.

"பெரியார் எடுத்தாச்சு. சிம்மக்கல்."

அவர் முகம் முழுக்க வேர்வை. கண் ஜிப்பின் மேலேயே இருந்தது. கை மெல்ல நகர்ந்து அழைப்பு மணியைத் தேடியது. அமுக்கினால் அவ்வளவுதான், இனி இந்தப் பைக்குள்ளும் வரமாட்டார், அந்த இரும்பு அறைக்கும் போகமாட்டார், விரல் போய்விடும். அதைப் பார்த்த பதற்றத்தில் எனக்கு ஊரெல்லாம் மறந்துவிட்டது.

"மாட்டுத்தாவணி" என்றேன்.

கை நின்றது. "என்னது?"

"மாட்டுத்தாவணி வந்தாச்சுண்ணே."

"கோரிப்பாளையம் எங்க போச்சு? ஆஸ்பத்திரிக்குப் போறவுக அம்புட்டுப் பேரும் அங்கதான எறங்கணும். புள்ளத்தாச்சி நிக்குது சார். வண்டியப் பின்னால எடுங்க."

பின்னால் எடுத்தேன். கோரிப்பாளையத்தில் எல்லோரையும் இறக்கினேன். அண்ணன் எச்சில் முழுங்கினார், காது திறந்தது. கை மறுபடி மணிப் பக்கம் போகப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு வேலை பிடிபட்டது. உத்தங்குடிக்கு அடுத்து வேண்டுமென்றே வண்டியூர் என்றேன்.

"வண்டியூரா? எந்தத் தெசையில போறீங்க? வண்டியக் கொண்டுபோயித் தெப்பக்குளத்துக்குள்ள விட்டுருவீக போல." பிறகு ஒத்தக்கடையில் நிற்காமல் போனேன், திட்டினார். சிம்மக்கல்லை இரண்டாவது தடவை சொன்னேன், டாக்டரம்மாவிடமே புகார் கொடுத்தார். டாக்டரம்மா காற்றைக் கவனித்துக்கொண்டே, சிரிப்பை அடக்கப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"திருவாதவூர்" என்றேன் கடைசியில். திட்டு வரவில்லை. பயந்துபோய் ஜன்னலில் பார்த்தேன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். மணி ஒரு ஓரமாகக் கிடந்தது.

"தம்பி" என்றார். அதுவரைக்கும் நான் சார். "இங்கன எம்புட்டு நேரம் நிக்கும்?"

"நீங்க சொல்ற வரைக்கும் நிக்கும்ணே."

"அப்பக் கொஞ்சம் நிக்கட்டும்."

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரும்புக் கதவு சாத்தும்வரை என் கையைப் பிடித்திருந்தார். நான் வெளியே, விசிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் மைக்கில் உள்ளே இருப்பவர்களோடு பேசும் ஊழியர் என்னிடம் வந்தார். "சார், நீங்க கூட்டிட்டு வந்தவரு உள்ள ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு இருக்காரு. கூட இருக்கவங்க எல்லாம் எங்க ஸ்டாப்பு எப்ப வரும்னு என்கிட்ட கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

வெளியே வந்த அண்ணன், "சீட்டெல்லாம் நல்ல சீட்டு தம்பி. வண்டியும் பரவால்ல. கண்டக்டர்தான் இல்லாம இருந்துச்சு" என்றார். அந்தக் குறையும் நீங்க, மாதக்கணக்கில் போய் வந்தார். புண் அவசரப்படாமல், எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்றுதான் ஆறியது. விரல் பிழைத்தது. கட்டுப் போட்டதாலா, சர்க்கரை இறங்கியதாலா, அந்த அறையாலா என்று கேட்டால் சர்ஜன் மூன்றுமே என்கிறார். அண்ணன் தன் விசில் என்கிறார்.

எனக்கும் தெம்பு வந்துவிட்டது. அது பையினாலா, காய்ச்சல் தானாக வழிக்கு வந்ததாலா என்று டாக்டரம்மாவே சொல்ல மாட்டேன் என்கிறார். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இப்போது நான் லிஃப்டில் ஏறுகிறேன்.

அண்ணன் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். லிஃப்டின் கதவு சாத்தும்போது நான் மெதுவாக ஊர் சொல்லிக்கொள்வேன். பெரியார், சிம்மக்கல், மாட்டுத்தாவணி. கோரிப்பாளையத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, என்னைத் திட்டுவதற்கு அவர் குரல் வருகிறதா என்று ஒரு நிமிஷம் காத்திருப்பேன்.